மதகைத் தாண்டிய ரதி

நனைந்த நூலில் அரைத்த மஞ்சளைத் தடவிக் கட்டினால், காயக் காய அது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டே வரும். எனக்குப் பதினான்கு வயதான அந்த மாசியில் அப்பாவின் முழுக்கைச் சட்டைக்குள் அதை மறைத்துவிட முடிந்தது, அதன் மணத்தை மறைக்க முடியவில்லை.

மலையகத் தோட்டங்களிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய எங்கள் பெரியவர்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு காமன் கூத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு வந்த கடுங்காய்ச்சல் தணிந்தால் மூன்று வருடம் ரதி வேடம் போடவைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். அது மூன்றாம் வருடம். மன்மதன் என் தாய்மாமன். “காப்பு” கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கும்வரை நாங்கள் இருவரும் ஊரெல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை வாய்க்கால் மதகு. பள்ளிக்கூடம் அதற்கு அந்தப் பக்கம். ரதி தாண்டினால் மன்மதன் உயிருக்கு ஆகாது, மன்மதன் தாண்டினால் ரதிக்கு ஆகாது என்பார்கள்.

அரும்புமீசையை மழித்துச் சேலை கட்டுவதும், வகுப்பில் “ரதியக்கா வாறா, வழி விடுங்கோ” என்ற கேலியும் பழகிப்போயிருந்தன. தவணைப் பரீட்சையின் கணிதத்தாள் காப்பு நாட்களுக்குள் விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்டபோது அவர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. “சாமிகிட்ட வாங்கின உசுருடா இது. பரீட்ச அடுத்த தவணையும் வரும்” என்றார்.

ஆட்டைத் தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு மதகைத் தாண்டினேன். இரண்டு மணித்தியாலம் எழுதினேன். திரும்பும்போது வரம்பில் ஆளில்லை என்பதை இருமுறை பார்த்துக்கொண்டேன்.

கூத்தின் கடைசி விடியலில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மன்மதன் விழுவார். அவரை வெள்ளைத் துணியால் மூடியதும் ரதி பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துப் புலம்ப வேண்டும். முந்திய இரு வருடங்களும் மாமா துணிக்குள்ளிருந்து என் உள்ளங்கையைச் சுரண்டுவார். நான் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு படுவேன். அந்த வருடம் விரல் அசையவில்லை. அழுத்திப் பார்த்தேன். கை குளிர்ந்திருந்தது. ஏற்கெனவே உடைந்துகொண்டிருந்த என் குரல் மூன்றாம் அடியில் கிழிந்தது. பாட்டை விட்டுவிட்டு, “மாமா, எந்திரிங்க மாமா” என்று கதறினேன். தப்பு அடித்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெண்கள் விம்மினார்கள். துணியை விலக்கியதும் எழுந்த மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்மேல் சாமி இறங்கிவிட்டது என்று பெரியவர்கள் முடிவுகட்டி, இன்னும் மூன்று வருடம் நானே ரதி என்றார்கள். ஏன் அழுதேன் என்று சொல்லாமல் மறுக்க வழியில்லை. கணிதத்தில் எண்பத்தொன்று.

பல வருடங்களுக்குப் பிறகு, வவுனியாவில் நோயில் கிடந்த மாமாவிடம் மதகைத் தாண்டியதை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“ஒன்ன மதகுல பாத்தேன்டா. நானும் அந்தப் பக்கந்தான் நின்னேன், பீடி வாங்க. ஒன்னால எனக்கு ஆகாதா, என்னால ஒனக்கு ஆகாதான்னு நெனச்சு நெனச்சே கெடந்தேன். வெரல அசைக்க மறந்துட்டேன்.”

காமன் கம்பம் நட்ட இடத்தில் இப்போது நெல் காயப்போடுகிறார்கள். மதகை இடித்துத் தெருவை அகலமாக்கிவிட்டார்கள்; எல்லை எதுவென்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன மாசியில் மாமா காலமானார். வெள்ளைத் துணிக்குள் கைவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எடுக்க நேரமாகிறது என்றார்கள்.

“கொஞ்சம் பொறுங்க” என்றேன்.