ஒரு மூக்குக்காக நாலு மாத ஜெபம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. உள்ளே பார்த்தால் நீலகிரித் தைலம்... சின்னதும் பெரிதுமாக ஒன்பது பாட்டில்.

“நீங்கல்லாம் கொடுத்ததுதானுங்க. யாராருதுன்னு தெரியல. திருப்பிக் கொடுத்துருங்க,” என்றார்.

வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணன் குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். அரைத்துப் பரப்பிய இலை பதமாகிவிட்டதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்பவர். ‘அனுப்பு’ என்று அவர் சொன்னால்தான் இலை ட்ரையருக்குப் போகும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் தூள் பாழ். இருபத்திரண்டு வருடமாக அந்த மூக்கை நம்பித்தான் ஃபேக்டரி ஓடியது.

தேயிலை விலை விழுந்தது. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் என்றானது. இலை கொண்டுவந்த சிறு விவசாயிகளை கேட்டிலேயே திருப்பி அனுப்பும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. திரும்பிப் போனவர்களில் பாதிப் பேர் சபையில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவர்கள்.

எங்கள் சபையின் ஆண்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். செயலாளரான நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். மூட்டு வலி, சர்க்கரை, கண் புரை... நோட்டைப் புரட்டினால் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் மாதிரிதான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாமுவேல் அண்ணன் சொன்னார்: “மூக்குல வாசனையே தெரிய மாட்டேங்குதுங்க. ஜெபிச்சுக்குங்க.”

டீமேக்கருக்கு மூக்கு போனால் என்ன மிச்சம்? பதறிப்போனோம். ஆளுக்கொரு தைல பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து ஆவி பிடிக்கச் சொன்னோம். நாலு மாதம் அந்த மூக்குக்காக மன்றாடினோம். நானே ஒருமுறை கண்ணீரோடு ஜெபித்தேன்.

அவரோ மெலிந்துகொண்டே போனார். சபையில் வேதம் வாசிக்கும் முறையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார். ஷேவ் செய்வதை நிறுத்தினார். சளி முற்றிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம்.

ஒருநாள் மத்தியானம் இன்னொரு பாட்டிலோடு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் உள்ளே படுத்திருந்தார். அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“ஏனுங்க, அவரு மூக்குக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்து ஊட்டுல கருவாடு வறுத்தா மொதல்ல எந்திரிச்சு ஜன்னலைச் சாத்தறது அவருதான்.”

“அப்புறம் ஏனுங்கக்கா அப்படிச் சொல்றாரு?”

“அதை அவருகிட்டயே கேளுங்க. தனியா விட்டுட்டுக் கடைக்குப் போகக்கூட எனக்குப் பயமா இருக்குதுங்க.”

உள்ளே போனேன். பாட்டிலைக் கீழே வைத்தேன். ஜெபிக்கவில்லை – என்ன ஜெபிப்பதென்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “என்னங்கண்ணா ஆச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

அண்ணன் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“வாசனை தெரியுதுங்க தம்பி. தெரிஞ்சும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. அனுப்புன்னு சொல்ல வாய் வரல. காலைல ஏன் முழிச்சோம்னு இருக்குது. இல்லாமப் போயிட்டாத் தேவலைன்னு இருக்குது.”

“இதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே.”

“மூக்குன்னா ஜெபிப்பீங்க. மனசுன்னா விசுவாசம் பத்தலைம்பீங்க. நீங்களே எழுதியிருந்தீங்களே.”

எழுதியிருந்தேன். இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில், இதே பக்கத்தில். ‘விசுவாசிக்கு ஏன் மனச்சோர்வு?’ என்று தலைப்பு வேறு. வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அவற்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணன் அந்தப் பத்தியை வெட்டித் தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்தார்.

மறுநாளே அவரைக் கோயமுத்தூருக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். குன்னூரிலேயே காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவருக்குத் தயக்கம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது வியாதிதான், குணமாகும் என்றார். மாத்திரை, தூக்கம், தனியாக விடக்கூடாது – அவ்வளவுதான் சொன்னார்.

“மாத்திரை போட்டா ஆண்டவரை நம்பலைன்னு ஆயிடாதுங்களா?” பஸ்ஸில் அண்ணன் கேட்டார்.

நம் பாஸ்டர் எத்தனை வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்? அவரை யாராவது இப்படிக் கேட்டோமா? வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி, போதும், சாக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு செடியின் கீழ் படுத்துக்கொள்கிறார். வந்த தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடக் கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டான். ஞாயிறு பள்ளி நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கதை. பத்தி எழுதிய அன்று மட்டும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது முறை டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் மலையேறும் வழியில் பர்லியாரில் நின்றது. டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்த அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

“ட்ரையருக்கு லேட்டாப் போன தூளுங்க தம்பி. எந்தப் புண்ணியவான் அனுப்புனானோ.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ சூடு என்று சமாளித்தேன்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னமும் சில நாள் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார். இதையெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றட்டுமா என்றேன். “வேண்டாமுங்க, மூக்கை வெச்சே கண்டுபிடிச்சிருவாங்க,” என்றார்.

தைலப் பை என் கைக்கு வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை கூட்டம். அண்ணன் முறை வந்தது.

“நோட்டுல மூக்கை அடிச்சிருங்க தம்பி. மனசுன்னு எழுதிக்குங்க. மாத்திரை சாப்புடறேன். அதுக்கும் சேர்த்து ஜெபிச்சுக்குங்க.”

அவருக்குப் பக்கத்தில் ஒரு ரிட்டையர்டு மிலிட்டரிக்காரர். மூன்று வருடமாக முட்டி வலி என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கும்... முட்டி நல்லாத்தானுங்க இருக்குது.”

நோட்டில் முட்டியையும் அடித்தேன்.

அடுத்து என் முறை. நான் வழக்கமாகச் சொல்வது இடுப்பு வலி. அதையும் அடித்தேன்.