தஜிகிஸ்தானின் இரண்டு ரசிகர்கள்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஒரகடம் ஷேர் ஆட்டோவில் ஏறினால், எட்டுப் பேரோடு எட்டுப் பேரின் சாப்பாட்டு வாசனையும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். போன வாரம் அப்படித்தான். எதிரே இருந்த பையனின் பையிலிருந்து புளிக்க வைத்த மீன் வாசனை. பக்கத்திலிருந்த அம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் நான். எங்கள் ஊரில் மீன் நாறாத நாள்தான் கவலைப்பட வேண்டிய நாள். ஆனால் இது கருவாடு இல்லை. மணிப்பூர்க்காரர்களின் மீன். இபோம்சாவின் டப்பாவில் இருந்த அதே மீன்.

இபோம்சா ஒரு மழைக்காலத்தில் எங்கள் லைனுக்கு வந்தான். கார் கதவுக்கு ரப்பர் வார் செய்கிற கம்பெனி. ஊரில் கலவரம், வீடு எரிந்துவிட்டது, அம்மா ஒரு முகாமில் இருக்கிறார் என்பதெல்லாம் அவன் சொல்லி எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் சொன்னார். அவன் பேசுகிற ஆள் இல்லை. கேண்டீனில் அவன் டப்பாவைத் திறந்ததும் மேசை காலியாகும். நான் ஒருநாள் எதிரே போய் உட்கார்ந்து, "மீனாடே?" என்றேன். டப்பாவை என் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான் அறிமுகம்.

பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் கால்பந்துப் பைத்தியம். நான் ஊரில் கோல்கீப்பர் என்று சொல்லிவைத்தேன். பிடித்த பந்தைவிட விட்ட பந்துதான் அதிகம் என்பதைச் சொல்லவில்லை. வெயில் கண்ணில் குத்தியது என்று காரணம் சொல்வேன். பொழுது சாய்ந்த பிறகு நடந்த ஆட்டங்களுக்கும் அதே காரணம்தான்.

என் ரூமில் எல்லாரும் கிரிக்கெட். ஆசியக் கோப்பைக் கால்பந்து என்றால், "அதுல நாம இருக்கோமா?" என்று கேட்பார்கள். அந்த வருடம் இருந்தோம். பொங்கல் சமயத்தில் ஆட்டங்கள் தொடங்கின. ரூம்காரர்கள் தெற்கே பஸ் ஏறிவிட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இபோம்சாவுக்கு லீவு கிடைத்தாலும் போக வீடில்லை. ஆளில்லாத அந்தத் தெருவில் திறந்திருந்தது வேலு அண்ணனின் டீக்கடை மட்டும். அவர் இந்த ஊர்க்காரர். நிலம் ஃபேக்டரிக்குப் போன பிறகு ரோட்டோரம் கடை போட்டவர். பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, ஆஸ்திரேலியாவோடு நம் ஆட்டத்தைப் பார்த்தோம். இடைவேளை வரை அவர்களைக் கோல் போட விடவில்லை.

"அண்ணா, சான்ஸ் இருக்கு," என்றான் இபோம்சா. லைனில் கற்ற தமிழில் அவனுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது.

சான்ஸ் இல்லை. இரண்டு கோலில் தோற்றோம். அடுத்து உஸ்பெகிஸ்தானிடம் மூன்று. வேலு அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "இன்னாப்பா, தோக்கறதையே உக்காந்து பாத்துகினு கீறீங்க. வேற மேட்ச் இல்லியா?" என்றார்.

இபோம்சா மெதுவாகச் சொன்னான்: "கேம்ப்ல டிவி இருக்கு அண்ணா. அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. எங்க ஊர் பசங்க டீம்ல இருக்காங்க. ஜெயிக்க வேணாம். ஒரு கோல்."

வேலு அண்ணன் அதன் பிறகு கிண்டல் செய்யவில்லை. அன்று டீக்கு அவர் எங்களிடம் காசு கேட்கவும் இல்லை.

மூன்றாவது ஆட்டம் சிரியாவோடு. அதில் ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு ஒரு ஓட்டை வழி இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான். எனக்கு அன்று மதிய ஷிப்ட், அவனுக்குக் காலை ஷிப்ட். லைனுக்குள் போன் கூடாது, லாக்கரில் கிடக்கும். அங்கே ஆட்டம் நடக்க, நான் ரப்பர் வாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டு இடைவேளையில் கேண்டீனுக்குப் போகும்போது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இபோம்சா நின்றிருந்தான். எனக்குச் சொல்வதற்காக ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான்.

"என்னடே ஆச்சு?"

முழு ஆட்டத்தையும் கையால் காட்டினான். பந்து இப்படி வந்தது, நம் ஆள் இப்படிப் போனான். செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே பார்த்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சிரியா போட்ட கோலுக்கு வந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல அண்ணா. கேம்ப்ல டிவிய ஆஃப் பண்ணிட்டாங்களாம்."

மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. மணி அடித்தது, உள்ளே போனேன்.

மறுநாள் அவனே, "தஜிகிஸ்தான்," என்றான். "முதல் தடவை வந்திருக்காங்க. சான்ஸ் இருக்கு." அந்த நாடு வரைபடத்தில் எங்கே என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அதனால் என்ன, ஒரகடத்தில் அதற்கு இரண்டு ரசிகர்கள் கிடைத்தார்கள். அவர்கள் காலிறுதிவரை போனார்கள். அங்கே ஜோர்டானோடு ஆடும்போது, தஜிகிஸ்தான்காரன் ஒருவனின் தலையில் பட்டே பந்து சொந்தக் கோலுக்குள் போனது. அதோடு முடிந்தது.

"பாவம்பா, அந்தாளு எப்டி ஊருக்குப் போவான்?" என்றார் வேலு அண்ணன்.

"போவான் அண்ணா," என்றான் இபோம்சா. "ஊர் இருக்கில்ல."

வேலு அண்ணன் எங்கள் கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போனார்.

அதே ஜோர்டான் அடுத்து கொரியாவைத் தோற்கடித்தது. மறுநாள் எங்கள் கொரிய மேனேஜர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு லைனைச் சுற்றி வந்தார். அவர் தாண்டிப் போனதும் இபோம்சாவின் முகமூடிக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கோடையில் ஆர்டர் குறைந்தது. கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். பெங்களூரில் மாமா இருக்கிறார் என்று இபோம்சாவும் போனான். சில மாதம் பேசினோம். பிறகு அந்த நம்பரில் ஒரு பெண் இந்தியில், அப்படி யாரும் இல்லை என்றாள். டீக்கடை இருந்த இடத்தில் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். வேலு அண்ணன் மகள் வீட்டோடு போய்விட்டார் என்கிறார்கள். ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் இரண்டும் உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றுவிட்டன. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

நாமோ அடுத்த ஆசியக் கோப்பைக்குள்ளேயே நுழையவில்லை. அதற்கான தகுதி ஆட்டம் ஒன்றைச் சிங்கப்பூரோடு கோவாவில் ஆடினார்கள். ரூமில் தனியாகப் பார்த்தேன். முதலில் கோல் போட்டது நாம்தான். நல்ல கோல், தூரத்திலிருந்து அடித்தது. என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "பாத்தியாடே" என்று பக்கத்தில் திரும்பினேன். கட்டிலில் மடிக்காத யூனிஃபார்ம் கிடந்தது. உட்கார்ந்து மீதி ஆட்டத்தைப் பார்த்தேன். அதிலும் தோற்றோம்.