அத்தையின் கை

தம்பிக்கு இரண்டு வயது நடந்தபோது அவனுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்தால் நிற்கும். கொஞ்ச நாளில் மறுபடியும் ஆரம்பிக்கும். கால்கள் குச்சியாகி வயிறு மட்டும் உப்பியிருந்தது. அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்ந்துவிட்டால் அவன் அத்தையின் இடுப்பில்தான் இருப்பான். அப்பாவின் அக்கா, கணவரை இழந்தபின் ஆரணிக்கு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து அவள் ஊட்டினால்தான் அவன் வாயைத் திறப்பான்.

ஒருநாள் அவனுக்குக் கண்கள் செருகிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மலத்தைச் சோதித்ததில் ஓர் ஒட்டுண்ணி இருந்தது. வீட்டில் எல்லோரையும் சோதிக்கச் சொன்னார் டாக்டரம்மா. எங்களுக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு இருந்தது.

“எனக்கு ஒருநாளும் வயித்த வலிச்சதே இல்லியே டாக்டர்.”

“சில பேருக்கு அப்படித்தாம்மா, தெரியாமலே உள்ள இருந்துகினு இருக்கும். கை வழியாவும் போவும், தண்ணி வழியாவும் போவும். தண்ணியிலேர்ந்தே ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்.”

கடைசி வார்த்தைகள் அத்தையின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த உயிரைப் பற்றிப் பின்னாளில் கல்லூரியில் படித்தேன். ஓட்டுக்குள் ஒடுங்கி மலத்தோடு வெளியேறும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நீரோடோ விரலோடோ ஒரு வாய்க்குள் போனால் சிறுகுடலில் ஓட்டைவிட்டு வெளிவந்து, குடல் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகும். பிறகு மறுபடியும் ஓடு கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

மாத்திரையில் இருவருக்கும் குணமாயிற்று. வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கத் தொடங்கினோம். தம்பிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் அத்தை அவனைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். அவன் கைநீட்டி அழுதால், “போ, உங்கம்மாகிட்ட போ” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“அதான் சரியாப் பூட்ச்சே அண்ணி, நீங்களே ஊட்டுங்க. உங்க கையால தந்தாதான் துன்றான்” என்று அம்மா கெஞ்சினாள்.

“வேணாம்மா. இந்தக் கைய நான் நம்ப மாட்டேன்.”

சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியதில் அவள் விரல்கள் வெடித்து, நூல் சுற்றும்போது பட்டு இழைகள் அவற்றில் சிக்கி அறுந்தன.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அத்தைக்குத் தம்பியைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நம்பினேன். மதியத்தில் அவன் தூங்கிய பிறகு தூளியருகே வருவாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவன் மூச்சுவிடுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பாள். பிடிக்காத பிள்ளையை எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.