பூட்டுப்புலி வாயால் கெட்ட கதை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் சாவிக்காரர் கெட்டதும் அப்படித்தான். குடைக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு கதவகல இடத்தில் உட்கார்ந்து சாவி ராவுகிறவர், தமக்குத் தாமே 'பூட்டுப்புலி' என்று பலகை மாட்டிக்கொண்டார். கதையையும் அவரேதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மரக்கடை இரும்புப் பெட்டியை எவனோ ஒரு கீறல் விழாமல் திறந்து, துடைத்துக்கொண்டு போய்விட்டான். புலி சும்மா இருந்திருக்கலாம். சலூனில் முகமெல்லாம் நுரையோடு, "அந்தப் பெட்டியைத் திறக்க இந்த ஊர்ல என்னை விட்டா யாரு இருக்கா?" என்றார். நுரை காய்வதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

மனைவியின் நான்கு வளையல்களும் அடகுக்குப் போய் வக்கீல் பணமாயின. நீதிமன்றத்தில் அதே பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, "திறங்க பார்ப்போம்" என்றார்கள். திறந்து தொலைக்காதீர்கள் என்று வக்கீல் முன்பே காதைக் கடித்திருந்தார். அந்தக் கவலையே தேவைப்படவில்லை. புலி ரோஷத்தில் இரண்டு மணி நேரம் உண்மையாகவே முட்டி மோதியும் பெட்டி அசையவில்லை. விடுதலை!

தண்டனை பெறாதவருக்கு வழக்குச் செலவை அரசாங்கம் திருப்பித் தரும் என்று கேள்விப்பட்டு மனு போட்டார். வளையலை மீட்காவிட்டால் வீட்டில் நிமிர்ந்து சோறு தின்ன முடியாது. குமாஸ்தா அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சந்தேகத்தை நீங்களா வரவழைச்சுக்கிட்டா பணம் கிடையாது. சலூன்ல பேசினது பதிவாகியிருக்கே?"

"என் பேச்சை யாரும் நம்ப மாட்டாங்கம்மா."

"அதுக்குச் சாட்சி?"

கூட வந்திருந்த மனைவி பேனாவை வாங்கி எழுதினாள்: 'எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கியபோது தச்சர் வந்துதான் இவரை வெளியே எடுத்தார். இவர் பேச்சை யாருமே நம்பியதில்லை.' 'உண்மை' என்று புலி கீழே கையெழுத்திட்டார்.

'மனுதாரரின் சொல் எவரும் பொருட்படுத்தத் தக்கதன்று' என்ற உத்தரவோடு பணம் வந்தது. அந்த உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பலகைக்குக் கீழேயே மாட்டியிருக்கிறார்.

வளையலை மீட்டுத் திரும்பியபோது பேருந்தில் நடந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

"அதுல ஒரு பொய் எழுதிட்டேங்க" என்றாள் மனைவி, வளையலைக் கையில் ஏற்றிக்கொண்டே. "யாருமே நம்பலைன்னு. நான் நம்பினேன். பெட்டியைத் திறந்தது நீங்கதான்னு."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு வளையலைக் கழட்டிக் கொடுத்தே?"

"திருடினவருக்குத்தானே வக்கீல் ரொம்பத் தேவை?"

வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. இறங்கும் இடம் வரும்வரை புலி வாயே திறக்கவில்லை.