பெரட்டு நோவு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த ரெங்கம்மா அக்காவின் நோவுக்கு முதலில் பேர் வைத்தவர் டொக்டர் இல்லை, இராசையா கங்காணி. காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிப்பார்கள். அக்கா அந்த நேரத்தில் விரல் மடங்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்வார். பத்து மணி தாண்டினால் எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கொழுந்து பறிப்பார். சில வாரம் நோவே இருக்காது. பார்ப்பதற்குக் காயமும் இல்லை, கட்டும் இல்லை. பிறகு யார் நம்புவார்கள்?

“இது பெரட்டு நோவு. பெரட்டு கலைஞ்சா இதுவும் கலைஞ்சிரும்” என்றார் கங்காணி. நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பக்கத்துக் காம்பரா இருதயம்மா செபம் பண்ணச் சொன்னார். அக்காவின் மாமியார் முனி சாமிக்குக் கோழி நேர்ந்துகொண்டார். கோழியைத் தனக்கே கொடுத்தால் தெம்பாவது வரும் என்றார் அக்கா.

அந்த மாதம் நான்கு நாள் பிந்தியதால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். டொக்டர் கடிதம் இல்லாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டுவோம் என்றார்கள். பேர் போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும்.

மடுல்சீமையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான் போனேன். எங்கள் முறை வரும்போது பதினொன்றரை. டொக்டர் கையைப் பொத்தச் சொன்னார். அக்கா சண்டைக்குப் போகிறவர் மாதிரிப் பொத்தினார். விரிக்கச் சொன்னார், விரிந்தது. நோவுக்கு இன்றைக்கு லீவு போல என்று அக்கா என் காதில் முணுமுணுத்தார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸிதான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். டொக்டர் பனடோல் எழுதத் தொடங்கினார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்க கங்காணி இதைப் பெரட்டு நோவுங்கிறாரு. நீங்களும் அதையே எழுதிக் குடுத்துருங்க.”

மிஸ்ஸி வாய் திறக்குமுன் பேனா நின்றது. பெரட்டுக்குச் சிங்களத்திலும் அதே சொல்தான். எத்தனை மணிக்கு இறுகும், எத்தனை மணிக்கு இளகும், இரண்டு கையிலுமா என்று டொக்டர் கேட்டார். அதுவரை அதை ஒருவரும் கேட்டதில்லை. இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிளினிக்கில் மூட்டுவாதம் என்றார்கள். காலையில் இறுகிப் பிறகு இளகுவதே அதன் குணமாம். எட்டு மணிக்கு வேலை தொடங்கக் கடிதமும் கிடைத்தது.

தோட்டத்துத் துரை ஒத்துக்கொண்டார். பேர் தப்பியது. கங்காணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மாரியம்மன் திருவிழாவில் அக்கா கும்மியடிப்பதை ஓரமாக நின்று பார்த்தார்.

“லெட்டர் வாங்குன கை நல்லாத்தானே தட்டுது?”

“இப்ப சாயந்திரம் அஞ்சு மணிங்க கங்காணி. காலைல ஆறு மணிக்குக் கும்மி வைங்க, அழுதுக்கிட்டே தட்டுறேன்” என்றார் அக்கா, தாளம் தவறாமல்.