கடைசி வரிசையில் தூக்கிய கை

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பாஸ்டர் கோய் ஹாஸ்கெட்டே சொன்னது இது. சொல்லி முடிக்கும்வரை அவர் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

ஜெர்மனியில், அமெரிக்கப் படைமுகாமின் பின்வாசலை ஒட்டி அந்த பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மிஷன் இருந்தது. ஆரம்பத்தில் அது ஒரு பீர் கடையின் பின்கட்டு. அறுபதுகளில் எல்பர்ட் க்ரம்ப் என்ற அலபாமாக்காரப் பாஸ்டர், நாலைந்து சார்ஜென்ட்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே ஜெபம் நடத்தினார். முன்கட்டில் சிப்பாய்கள் குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பின்கட்டில் பாட்டு நடக்கும். சில நாள், முன்னால் அடிவாங்கியவனே ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து உட்காருவான். பிறகு கடைக்காரர் செத்துப்போனார். கட்டிடம் முழுவதும் மிஷனுக்கு வந்தது. பீப்பாய் இறக்கும் பள்ளத்தில் ஓடு பதித்து, ஞானஸ்நானத் தொட்டி ஆக்கினார்கள்.

அந்தச் சபைக்கு ஒரு குறை உண்டு. ஞாபகம் கிடையாது. சிப்பாய்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். புது முகங்கள் வரும். முன்பு இங்கே என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது. எல்பர்ட்டும் வயதாகி ஊர் திரும்பிவிட்டார். பீரங்கிப் படையிலிருந்து ஓய்வுபெற்ற கோய், பாஸ்டராக வந்து சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து மட்டும்தான்.

1990 டிசம்பர். வளைகுடாவில் சண்டை வரப்போகிறது. முகாம் முழுவதும் பாலைவனத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதுவரை மிஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்கூட வந்து உட்கார்ந்தான்.

பிரசங்கம் முடிந்ததும் அழைப்பு நேரம். எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரட்சிப்பு வேண்டும் என்கிறவன் கையைத் தூக்குவான். அவன் கூச்சப்படக்கூடாது. அதனால் மற்ற யாரும் பார்க்கக்கூடாது. பார்க்கிறவர் பாஸ்டர் ஒருவர்தான். "கையைப் பார்த்தேன், பிரதர்" என்பார். அது சும்மா வாய் வார்த்தை இல்லை. பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், அவனைத் தண்ணீரில் முழுக்கி எடுக்கிற பொறுப்பு பாஸ்டருடையது.

அந்த ஞாயிறு, மூன்றாவது வரிசையில் லானி டிட்வெல் கையைத் தூக்கினான். டாங்க் ஓட்டுகிற பையன்.

"கையைப் பார்த்தேன், பிரதர்."

லானி கையை இறக்கினான். அப்போது கடைசி வரிசையில், கோட் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது.

ஈரக் கை. சட்டையின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... முகம் தெரியவில்லை. முன் நாற்காலிக்குக் கீழே குனிந்திருந்தது.

"பார்த்தேன், பிரதர். கைய எறக்கிக்கோங்க."

கை இறங்கவில்லை.

"பார்த்துட்டேன், பிரதர்."

இறங்கவில்லை. கோய் ஆமென் சொன்னார். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் பர்விஸ் சார்ஜென்ட் சிரித்தார். "ரெண்டு தடவ சொன்னீங்களே பாஸ்டர். யாரு அந்தப் பிடிவாதக்காரன்? சமையல் கூடத்து ஆளா?"

கோய் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி வெர்னா துடைப்பத்தோடு கடைசி வரிசையில் நின்றிருந்தாள்.

"ஏங்க, யாரு இங்க பனிய மிதிச்சிட்டு வந்து உக்கார்ந்தது? குளமாட்டம் கெடக்கு."

அந்த வருடம் அதுவரை பனியே விழவில்லை.

அடுத்த ஞாயிறு. அழைப்பு நேரம். கண்கள் மூடின. கோய் முதலில் கடைசி வரிசையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூச்சு விட்டார்.

பிறகு லானியைப் பார்த்தார்.

அந்தக் கை லானியின் தலைக்கு மேலே இருந்தது. விரல்கள் அகல விரிந்திருந்தன. நகங்கள் பிய்ந்திருந்தன. லானிக்குப் பின்னால் சமையல்காரச் சிப்பாய் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன.

இந்த முறை கோய் பார்த்தேன் என்று சொல்லவில்லை. "ஆமென்" என்றார் அவசரமாக.

டம்.

லானியின் முகம் முன் நாற்காலியில் மோதியது. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவன் எழுந்து திரும்பி, பின்னால் இருந்தவன் வாயில் குத்தினான். நாற்காலிகள் உருண்டன.

"எவன்டா என் தலையப் புடிச்சு இடிச்சது?"

"கண்ண மூடிட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்டா. பைத்தியமா உனக்கு?"

பர்விஸ் இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்துப் பிரித்தார். "சண்டைய பாலைவனத்துல போயி போட்டுக்கங்கடா. இது மிஷன் நாற்காலி."

லானியின் பிடரியில் ஐந்து ஈரத் தடங்கள் இருந்தன. சமையல்காரனின் கைகள் காய்ந்திருந்தன. கோய் தொட்டுப் பார்த்தார்.

அன்று மதியம்தான் லானிக்கு ஞானஸ்நானம். கோய் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னிக்கு வேணாம் லானி. திரும்பி வந்ததும் வெச்சுக்கலாம்."

"வந்தா வெச்சுக்கலாம். வரலன்னா?"

கோய் அவன் மூக்கில் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார்.

"புதன்கிழமை கிளம்புறோம் பாஸ்டர். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. முழுகிட்டேன்னா தூங்கிருவேன்னு தோணுது. நீங்கதான பார்த்தேன்னு சொன்னீங்க? அப்புறம் என்ன?"

அதற்கு மேல் கோயால் மறுக்க முடியவில்லை.

மூன்று மணி. மேடைப் பலகைகளை எடுத்துவிட்டுத் தொட்டியைத் திறந்தார்கள். முந்தைய நாளே வெர்னா ஹீட்டரைப் போட்டிருந்தாள். ஆனாலும் தண்ணீர் பனிக்கட்டி போல இருந்தது. லானி வெள்ளை அங்கியில் இறங்கினான். பஞ்சு வைத்த மூக்கோடு சிரித்தான்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே..."

கோய் அவன் முகத்தில் கைக்குட்டையை வைத்து, மல்லாக்கச் சாய்த்து முழுக்கினார்.

தூக்கப் போனார்.

முடியவில்லை.

அவர் கைகளின் மேல் வேறு இரண்டு கைகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு விரலையும் உணர முடிந்தது. அவை அழுத்தின.

லானி உதைத்தான். தண்ணீர் தெறித்தது. அவன் தலை படிக்கட்டு ஓட்டில் மோதியது.

டம்... டம்...

தண்ணீர் சிவந்தது.

"பாஸ்டர், விடுங்க."

பர்விஸ் தொட்டிக்குள் குதித்தார். கோயின் தாடையில் ஓங்கிக் குத்தினார். இரண்டு பற்கள் விழுந்தன. கைகள் அசையவில்லை.

"விடுய்யா. செத்துருவான்."

"நான் இல்ல... நான் புடிக்கல..."

பர்விஸ் மறுபடி குத்தினார். கோயின் விரல்கள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம் கேட்டது.

சட்.

சட்.

லானியின் கால்கள் உதைப்பதை நிறுத்தின...

வெர்னா தொட்டிக்குள் பாய்ந்து அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. மார்பு... இடுப்பு... தொடை...

கோயின் முழங்கைக்குக் கீழே தண்ணீர் போன நொடி, பிடி விட்டது.

லானி பிழைத்தான். பர்விஸ் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தார். தண்ணீரும் ரத்தமும் கக்கினான். அவன் தாடை உடைந்திருந்தது. ஆனாலும் கோயைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"ஏன்?"

ராணுவப் போலீஸ் வந்தது. ஹாலில் இருந்த எல்லோரும் ஒரே வாக்குமூலம் கொடுத்தார்கள். பாஸ்டர் பையனைத் தண்ணீரில் அமுக்கினார். தலையைப் பிடித்து இடித்தார். எங்கள் கண்ணால் பார்த்தோம். வெர்னாவும் அதையேதான் சொன்னாள். அவள் பொய் பேசி அறியாதவள்.

ராணுவ மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எட்டு விரல்கள் உடைந்திருந்தன. புறங்கையில் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

"யாரு உங்க கைய மேலேர்ந்து புடிச்சது?" என்றார்.

"யாரும் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அப்படியா?" என்றவர், போலீஸ்காரரை வெளியே நிற்கச் சொன்னார். "இந்தக் கையால யாரும் யாரையும் அமுக்கியிருக்க முடியாது. நசுங்கிப்போயிருக்கு."

லானி புகார் கொடுக்க மறுத்துவிட்டான். முகாம் கிளம்புகிற அமளியில் வழக்கு அப்படியே நின்றது. அவனை ஊருக்கு விமானத்தில் அனுப்பிவைத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோய் அலபாமாவுக்குப் போன் செய்தார். கையில் மாவுக்கட்டு. வெர்னாதான் ரிசீவரை அவர் காதில் பிடித்திருந்தாள். எல்பர்ட் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அழைப்பு நேரத்துல கண்ணத் தொறந்தா வெச்சிருந்தே?" என்றார் கடைசியில்.

"பாஸ்டர் பார்க்காம வேற யாரு பார்க்கறது?"

"நான் பார்க்க மாட்டேன். மொத வருஷம் ஒரே ஒரு தடவ பார்த்தேன். அதுக்கப்புறம் நானும் கண்ண மூடிக்குவேன்."

"அப்போ கை தூக்கினவங்கள..."

"மூடிட்டே சொல்லுவேன். பார்த்தேன் பிரதர், பார்த்தேன் பிரதர்னு. பாஸ்டர் எதுவும் சொல்லலன்னா சபை என்ன நெனைக்கும்? உசுரோட ஆள் இருந்தா அவனா முன்னால வருவான்."

"எத்தன வருஷம் இப்படிப் பார்க்காமலே வாக்கு குடுத்தீங்க?"

"அங்க இருந்த வரைக்கும்."

கோய் ரிசீவர் பக்கம் சாய்ந்தார். "அந்த மொத வருஷம்... என்ன பார்த்தீங்க?"

"அன்னிக்கு ஹால்ல உக்கார்ந்திருந்தது பத்துப் பதினோரு பேருதான் கோய். மத்தவங்களுக்கு எடம் இல்ல. சுவரோரமா நின்னுட்டு இருந்தாங்க. வாசல் வரைக்கும். எல்லாரும் ஈரமா, கையத் தூக்கிட்டு."

எல்பர்ட் இருமினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உன்கிட்ட இதுவரைக்கும் வந்தது ஒருத்தன்தானா?"