அரைப்பேர்

எங்கள் கட்சிக் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்துக்கு வருகிறவர் வரவுப் புத்தகத்தில் 'தோழர்' என்று தன் கையால் எழுதி, அதற்குப் பக்கத்தில் பெயரை எழுத வேண்டும். கைநாட்டு கிடையாது. அதில் நான்தான் பிடிவாதமாக நின்றேன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அம்மா, அங்கிருந்த காலம் முழுக்கச் சம்பள நாளில் பெருவிரலை மையில் தோய்த்தவர். கட்சிக்குள்ளும் அந்த மை வேண்டாம் என்று சொன்னேன். கிளைச் செயலாளர் நான் என்பதால் புத்தகமும் என்னிடம்தான் இருந்தது.

எங்கள் குடியிருப்பில் பாதிப்பேருக்கு எழுதத் தெரியாது. அவர்களுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் பழக்கினேன். பெயரை நான் எழுதுவேன், தோழரை அவர்களே எழுதுவார்கள். சிலருடைய 'ழ' மல்லாந்து படுத்திருக்கும். சிலருடைய 'தோ'வில் கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். இருந்தாலும் அது அவரவர் கையெழுத்து.

நாங்கள் நானாட்டான் பக்கத்து வயல்களுக்கு நாட்கூலிக்குப் போகிறவர்கள். அம்மாக்கள் காலத்தில் கலவரத்துக்குத் தப்பி மலையிலிருந்து இறங்கி, கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் முடிகிற இடத்தில் குடியேறி, யுத்தத்தில் மறுபடி ஓடி, முகாமில் கிடந்து, தகரமும் தடியுமாகத் திரும்பி வந்தோம். மீள்குடியேற்றம் முடிந்துவிட்டதென்று அரசாங்கக் கந்தோரில் எழுதி வைத்திருந்தார்கள். மாரி வந்தால் எங்கள் தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. அப்படி ஒரு மாரியில் என் பக்கத்து வளவுக்காரியின் மகளைப் பிள்ளைப்பேற்றுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் சில்லுகள் புதைந்தன. பெட்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அது உயிரோடு இல்லை.

ஒரு மதகும் தெருவுக்கு நாலு லோட் கிறவல் மண்ணும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். பிரதேச சபைக்கு எத்தனையோ கடிதம் எழுதினோம். சபைக்குள் அதை எடுத்து வாசிக்க எங்களுக்கென்று ஒரு வாய் இல்லை. அதனால்தான் தேர்தலில் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. ஆம், வெறிதான். அதை வேறு நல்ல சொல் போட்டு மூட நான் விரும்பவில்லை.

கிளைக் கூட்டத்தில் எங்கள் வட்டாரத்துக்கு நான்தான் வேட்பாளர் என்று எல்லோரும் கை உயர்த்தினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கிளையின் மூத்தவர், அவரை மாஸ்டர் என்போம். அவர் கை உயர்த்தினார். வயல்காரர்களின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராக இருந்தவரும் எங்கள் உறுப்பினர், அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவோம். அவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

பிறகு கட்சி உடைந்தது. மேலே கொழும்பில் விழுந்த வெடிப்பு வாய்க்கால் வழியாக எங்களிடம் வந்து சேர ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரிய தமிழ்க் கூட்டணியோடு சேர்ந்து அவர்களுடைய சின்னத்தில் கேட்க வேண்டும், முதலில் இனம் பிறகு வர்க்கம் என்றார் மாஸ்டர். கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று அரசாங்கத்தில் இருக்கிற தோழர்களோடு கைகோர்க்க வேண்டும், முதலில் வர்க்கம் பிறகு இனம் என்றார் தலைவர். களை பிடுங்கிவிட்டு வந்து, கால் சேறு காயாமல் உட்கார்ந்து நாங்கள் இதைக் கேட்டோம். எந்த வரிசையில் வந்தாலும் எங்கள் தெரு கடைசியில்தான் இருந்தது. போகப்போக இரண்டு பேரும் தனித்தனியாகக் கூட்டம் வைக்கத் தொடங்கினார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டு கூத்தாடிகளும் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள்.

ஒருநாள் மாலை மாஸ்டர் சைக்கிளில் வந்தார். முற்றத்தில் கதிரை போட்டேன். அதுவரை என்னைத் தோழர் என்றே கூப்பிட்டவர்.

"தங்கச்சி, உங்கட பேரைப் போட்டிருக்கிறம். ஒரு கையெழுத்து வைச்சால் அலுவல் முடிஞ்சுது," என்று பத்திரத்தை நீட்டினார்.

தோழர் தங்கச்சியானபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பத்திரத்தை வாசித்தேன். என் பெயர் மேலதிகப் பட்டியலில் இருந்தது. வட்டாரத்தில் நின்று வாக்குக் கேட்கிறவர்கள் ஒரு பட்டியல். மற்றது, பிறகு கிடைக்கிற இடங்களுக்குக் கட்சி தன் விருப்பப்படி ஆள் எடுக்கிற பட்டியல். பெண்களுக்குக் கால்வாசி இடம் கொடுக்காவிட்டால் வேட்புமனுவையே தள்ளிவிடுவார்கள் என்று அந்தத் தேர்தலுக்குத்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. கறிக்குக் கறிவேப்பிலை தேவைப்பட்டது போல அவர்களுக்கு ஒரு பெண்ணின் பெயர் தேவைப்பட்டது.

"வட்டாரத்துக்கு ஆர், மாஸ்டர்?"

"நான்தான் நிக்கிறன். சனம் ஏற்கிற ஆளா இருக்கவேணுமெல்லே."

"எந்தச் சனம்?"

அவர் கதிரையின் கைப்பிடியைத் தடவினார். "எனக்கு உங்களில ஒரு குறையுமில்லை. ஊருக்குள்ள கதைப்பினம், இஞ்சத்தை ஆளில்லை, மலைநாட்டு ஆள் எண்டு."

நான் பிறந்து வளர்ந்தது கட்டுக்கரைத் தண்ணீரைக் குடித்து. ஓடியதும் இந்த மண்ணிலிருந்து, திரும்பி வந்ததும் இந்த மண்ணுக்கு. அது எதுவும் மாஸ்டருக்குத் தெரியாததல்ல. அப்போதுதான் என் வாயில் அம்மாவின் சொல் வந்தது.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பெயர் பதிவதைப் 'பேர் போடுவது' என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். விடியலிலிருந்து மழையில் நின்றாலும், அட்டை கடித்தாலும், புத்தகத்தில் பறித்தவள் அன்றைக்கு அரை ஆள்.

"இது அரைப்பேர், மாஸ்டர்," என்றேன். "என்ர அம்மா வாங்கினது காணும். நான் வாங்க மாட்டன்."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கமும் நான் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்து அவருடைய கையிலேயே கொடுத்தேன்.

இரண்டாம் நாள் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "பிள்ளை, மாஸ்டர் உங்களை ஏமாத்தப் பார்த்தவராம். நாங்கள் அப்பிடியில்லை. எங்கட லிஸ்ட்டில உங்கட பேர் இருக்கு." எடுத்து நீட்டினார். அதே மேலதிகப் பட்டியல். வட்டாரத்தில் அவருடைய பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேவிட்டேன். அவருக்குக் கோபம் வந்து, "உங்கட காணிக்கு இன்னும் பெர்மிட் கிடைக்கேல்லை, அதையும் யோசிச்சுப்பாருங்கோ," என்றார். "ஓம், யோசிக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ," என்று படலை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.

மாதக்கணக்காக ஒரு சொல்லிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். அந்த விடயம் நான்.

சுயேச்சையாக நிற்கலாமே என்று சிலர் கேட்டார்கள். சுயேச்சைக் குழு என்றால் சபை முழுவதற்கும் ஆள் நிறுத்த வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு குடியிருப்பு. மாஸ்டர் தன் மச்சாளின் பெயரைப் போட்டு இடத்தை நிரப்பினார், தலைவர் தன் மருமகளின் பெயரைப் போட்டார். இரண்டு பெண்களும் ஒரு கூட்டத்துக்காவது வந்தவர்கள் அல்ல.

வாக்களிப்புக்கு முதல் நாள் எங்கள் ஆட்கள் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்குப் போடுவது? கட்சிச் சின்னத்துக்கா, கூட்டணிக்கா? நான் இருவரையும் திட்டித் தீர்த்தேன். ஆனால் இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை, போகாமல் இருங்கள் என்றும் சொல்லவில்லை. பேரக்குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பக்கத்து வளவுக்காரி வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தத் தாளுல ஒன் பேரு இருக்கா?"

"இல்லை."

"சரி," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் எல்லோரும் போனார்கள். வெளுத்த சேலையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, வரிசையில் நின்று வாக்களித்துவிட்டுத் திரும்பினார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

வென்றது மூன்றாவது ஒருவர். வட்டாரத்தில் அதுவரை யாரும் கணக்கில் எடுக்காத கட்சிக்காரர். மாஸ்டர் சொற்பத்தில் தோற்றார், தலைவர் அவருக்கும் பின்னால். நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் கட்டு, மாஸ்டர் தோற்ற வித்தியாசத்தைவிடத் தடிப்பாக இருந்ததாம்.

அந்த வாரமே இருவரும் ஒன்றாகக் கிளைக் கூட்டம் கூட்டினார்கள். கட்சி உடைந்த பிறகு அவர்கள் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். தோல்வி செய்த ஒற்றுமை. நான் வழக்கம்போல வரவுப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தேன். எங்கள் ஆட்களும் வந்து நிலத்தில் இருந்தார்கள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எண்ணுற இடத்தில எங்கட ஏஜென்ட் நிண்டவர். பார்த்துப்போட்டுத் தலையில அடிச்சுக்கொண்டு வந்தார். சின்னத்துக்கு நேரே புள்ளடி போடுற பெட்டியில 'தோழர்' எண்டு எழுதி வைச்சிருக்குதுகள். ஒண்டு ரண்டு இல்லை, ஒரு கட்டு. உங்கட சனத்துக்கு வோட்டுப் போடவும் தெரியாமல் போச்சுது."

தலைவரும் தலையாட்டினார். "இவ்வளவு காலமாப் படிப்பிச்சதுக்கு இதுதான் பலன்."

சிறிய தாளில், மல்லாந்து படுத்த 'ழ'வோடும் திசைமாறிய கொம்போடும், நான் பழக்கிய அந்தச் சொல். கண் கலங்கிவிட்டது. கலங்கியதைவிடக் கோபம் அதிகம்.

"மாஸ்டர், முதல்ல 'வைச்சிருக்குதுகள்' எண்டதை எடுங்கோ," என்றேன். "ஆடு மாடு மேயுதுகள் எண்டு சொல்லலாம். இதுகள் மனுசர். எழுதி வைச்சிருக்கினம் எண்டு சொல்லுங்கோ."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நானும் 'இதுகள்' என்றே சொல்லிவிட்டேன். நாக்கில் ஏறியது இறங்க எவ்வளவு காலம் எடுக்கும் பாருங்கள். "இவையள்," என்று எல்லோருக்கும் கேட்கத் திருத்திச் சொன்னேன்.

தலைவர் விடவில்லை. "சரி பிள்ளை, எழுதி வைச்சிருக்கினம். ஆனாப் பிழை பிழைதானே? அடுத்த முறைக்கு முதல் புள்ளடி போடப் பழக்கவேணும்."

அப்போது பக்கத்து வளவுக்காரி எழுந்தாள். கூட்டங்களில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள், களை பிடுங்க இறங்குகிறவளைப் போல.

"புள்ளடி போடத் தெரியுமுங்க. எத்தன தடவ போட்டிருக்கோம். இந்தத் தடவ ஆளத்தான் காணல. அதான் தெரிஞ்சத எழுதிட்டு வந்தோம்."

அவள் நேரே மேசைக்கு வந்து, தலைவரின் கைக்கு முன்னால் கிடந்த பேனையை எடுத்து, வரவுப் புத்தகத்தில் குனிந்து மெதுவாக 'தோழர்' என்று எழுதினாள். பிறகு பேனையை என்னிடம் நீட்டினாள்.

"பேர நீ எழுது," என்றாள். "முழுப்பேரா எழுது."